‘வந்தா’விலிருந்து ‘இஃப்’ வரை: கோவண்டிப் பிள்ளைகளும் ஆங்கில நிபந்தனை வாக்கியமும்

மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஒரு வீட்டுக்கு மாநகராட்சித் தண்ணீர் கிடைக்குமா என்பதை நெடுங்காலம் ஒரு தேதி தீர்மானித்தது. 1995 ஜனவரி 1-க்கு முன்பே அந்தக் குடிசை அங்கே இருந்தது என்பதற்குக் காகிதம் இருந்தால்தான் சட்டபூர்வமான குழாய். மறுகுடியமர்த்தலுக்கான தேதி பிறகு 2000 ஜனவரி 1-க்கு நகர்ந்தது. 2014 டிசம்பரில், தண்ணீர் உரிமை அமைப்பான பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில், குடிசை எப்போது வந்தது என்பதைக் காட்டிக் குடிநீரை மறுக்கக்கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் கூறியது. இலக்கணக் கண்ணோடு பார்த்தால் அந்தத் தீர்ப்பு செய்த வேலை இதுதான்: ‘இருந்தால்தான்’ என்ற சொல்லை ‘இல்லாவிட்டாலும்’ என்று மாற்றியது. கோவண்டி, மான்குர்த், தேவ்னார், டிராம்பே அடங்கிய எம் கிழக்கு வார்டில் பிறந்த பிள்ளை இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரத்தைப் பள்ளிக்குப் போகும் முன்பே அறிந்திருக்கும்.

அதே பிள்ளை ஆங்கில வகுப்பில் ‘இஃப்’ வைத்து ஒரு வாக்கியம் எழுதத் திணறுகிறது. விடைத்தாளில் சிவப்பு மை விழுகிறது. பிள்ளைக்கு ‘தர்க்கம் வரவில்லை’, ‘அடிப்படை இல்லை’ என்று பேச்சு எழுகிறது. இந்தக் கணிப்பு தவறு. ஆங்கில நிபந்தனை வாக்கியத்தில் சிக்கலான முடிச்சுகள் மூன்று நான்கு உண்டு. அவற்றுள் ஒவ்வொன்றையும் இந்தப் பிள்ளை பேசும் ஏதோ ஒரு மொழி ஏற்கெனவே அவிழ்த்து வைத்திருக்கிறது. வகுப்பறைதான் அந்த மொழிகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

கோவண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். ஹார்பர் ரயில் பாதையில் செம்பூருக்கும் மான்குர்துக்கும் இடையில் உள்ள நிலையம். பக்கத்தில் 1927 முதல் நகரின் குப்பையைச் சுமக்கும் தேவ்னார் குப்பைக் கிடங்கு. சற்றுத் தள்ளி டிராம்பேயில் சீத்தா கேம்ப். அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக 1976-இல் இடிக்கப்பட்ட ஜனதா காலனியின் மக்கள் கொண்டுவந்து விடப்பட்ட இடம் அது. அந்த இடிப்பை எதிர்த்து நின்ற ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைக் கட்டி எழுப்பி, 2000-இல் மக்சேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்றவர். 2009-க்கான மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கையில் கடைசி இடம் எம் கிழக்கு வார்டுக்கு. இங்குள்ள தமிழ் வீட்டில் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி, பக்கத்து வீட்டில் உருது, பள்ளியில் கட்டாயப் பாடமாக மராத்தி, அதோடு ஆங்கிலம். மகாராஷ்டிரம் 2000-ஆம் ஆண்டிலேயே எல்லாப் பயிற்றுமொழிப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தைக் கொண்டுவந்துவிட்டது. 2020-இல் மராத்தியைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. ஆக, இந்தியையும் உருதையும் ஒன்றாக எண்ணினாலும், எட்டு வயதுப் பிள்ளையிடம் நான்கு நிபந்தனை இலக்கணங்கள் இருக்கின்றன.

முதலில் தமிழைப் பார்ப்போம். ‘நாளைக்கு மழை பெஞ்சா ஸ்கூலுக்குப் போக மாட்டேன்.’ நடக்கவிருப்பதைப் பற்றிய பேச்சு. ஆனால் ‘பெய்தால்’ என்பதைப் பிரித்தால் ‘பெய்த்’ என்ற இறந்தகால அடியின் மேல் ‘ஆல்’ ஏறியிருப்பது தெரியும். ‘வந்தால்’, ‘படித்தால்’, ‘போனால்’ எல்லாம் இப்படித்தான். சங்கச் செய்யுளிலும் குறளிலும் பெரிதும் வழங்கிய ‘வரின்’, ‘பெய்யின்’ போன்ற வடிவங்களில் இறந்தகால இடைநிலை இல்லை. நன்னூலார் வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ என்று வைத்தது இந்த வடிவத்தைத்தான். ‘ஆல்’ ஈறு செல்வாக்குப் பெற்றபோது இறந்தகால அடியும் அதனுடன் நிலைபெற்றது. இன்றைய தமிழ்ப் பிள்ளையின் காதில், நாளைய மழையும் இறந்தகால உருவத்தில்தான் பெய்கிறது.

அப்படிப்பட்ட பிள்ளை ஆங்கிலத்தில் என்ன எழுதும்? ‘இஃப் இட் ரெயின்ட் டுமாரோ, ஐ வில் நாட் கோ டு ஸ்கூல்.’ ஆசிரியர் ‘ரெயின்ட்’ என்பதை அடித்து ‘ரெயின்ஸ்’ என்று எழுதுகிறார். ‘நாளை என்று போட்டுவிட்டு இறந்தகாலம் எப்படி வரும், யோசிக்க மாட்டாயா’ என்கிறார். பிள்ளை யோசித்ததால்தான் அந்தத் தவறு வந்தது. தன் மொழியின் விதியைப் பிசகாமல் அடுத்த மொழியில் பொருத்திப் பார்த்திருக்கிறது. கற்பவரின் பிழைகள் அவர் மனத்தில் அமைந்திருக்கும் இலக்கணத்துக்குச் சான்று என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967-இல் எழுதினார். மொழி கற்பிப்பவர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படித்துவரும் கட்டுரை அது. ஆசிரியர் பயிற்சியில் தேர்வுக்குப் படித்த அந்தக் கருத்து விடைத்தாள் திருத்தும் மேசை வரை வந்து சேர்வதில்லை.

பக்கத்து பெஞ்சில் இருக்கும், வீட்டில் இந்தியோ உருதுவோ பேசும் பிள்ளை வேறு தவறு செய்யும். ‘அகர் பாரிஷ் ஹோகி தோ’ என்று எதிர்காலத்தை வைக்கப் பழகிய அந்தப் பிள்ளை ‘இஃப் இட் வில் ரெயின்’ என்று எழுதும். கூடவே ‘தோ’ என்பதற்கு ஈடாக ‘தென்’ என்ற சொல்லையும் ஒவ்வொரு வாக்கியத்திலும் போடும். இந்தியில் ‘அகர்’ உதிர்ந்து போகலாம். ‘தோ’ அவ்வளவு எளிதில் உதிராது. இரண்டு பிள்ளைகளும் மதிப்பெண் இழக்கிறார்கள், வெவ்வேறு காரணத்துக்காக. இருவருக்கும் கரும்பலகையில் ஒரே விளக்கம்தான் கிடைக்கிறது.

அந்த விளக்கம் எப்படியிருக்கும் என்பது டியூஷன் நோட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூஜ்ய வகை, முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று ஒரு கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம். இந்த வரிசை ஆங்கிலப் பயிற்சி நூல்கள் வசதிக்காக வகுத்துக்கொண்டது. எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை என்று அதை எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டோம். தமிழ்ப் பிள்ளைக்கு அது அப்படி இல்லை.

மூன்றாம் வகை என்று பயமுறுத்தப்படும் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்.’ நம் பிள்ளை தெருவில் தினமும் சொல்வது: ‘தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்.’ தமிழில் இரண்டு பாதியிலும் ‘இரு’ என்ற துணைவினை நிற்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு பாதியிலும் ‘ஹேவ்’ நிற்கிறது, ஒருமுறை ‘ஹேட்’ என்றும் மறுமுறை ‘ஹேவ்’ என்றும். நடக்காமல் போனதைப் பேசுவதற்கு இரண்டு மொழிகளும் ஏறத்தாழ ஒரே சாரத்தைக் கட்டியிருக்கின்றன. ‘இரு’ வரும் இடத்தில் ‘ஹேவ்’ வரும் என்று காட்டிவிட்டால் சூத்திரம் தேவையில்லை. ‘குழாய் அடைச்சிருந்தா தண்ணி வீணாப் போயிருக்காது’, ‘ஆறு மணி வண்டியைப் பிடிச்சிருந்தா நேரத்துக்கு வந்திருப்பான்’ என்று பிள்ளைகளே சொல்லச் சொல்லி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகையை இரண்டாம் வகைக்கு முன்னால் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

ஏனென்றால் உண்மையான இடர் இரண்டாம் வகையில் இருக்கிறது. ‘எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்.’ ‘எனக்கு நாளைக்கு லீவு இருந்தால் வருவேன்.’ முதலாவது நடக்காத கற்பனை, இரண்டாவது நடக்கக்கூடியது. தமிழ் வினை இரண்டுக்கும் ஒரே உருவத்தைத் தருகிறது. எது கற்பனை என்பதைக் கேட்பவர் உலக அறிவால் புரிந்துகொள்கிறார். ஆங்கிலம் இங்கே பிடிவாதமாகப் பிரிக்கிறது. சிறகுக்கு ‘ஹேட்’, ‘வுட்’. லீவுக்கு ‘ஹேவ்’, ‘வில்’. ‘இஃப் ஐ ஹேவ் விங்ஸ், ஐ வில் ஃப்ளை’ என்று எழுதும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழைக் காட்டி இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. திருநெல்வேலியில் தமிழ் மட்டும் பேசி வளரும் பிள்ளைக்கு இது நீண்ட பயிற்சியால்தான் வரும்.

கோவண்டிப் பிள்ளைக்கு இன்னொரு வழி இருக்கிறது. கையில் காசு வரக்கூடும் என்றால் ‘பைசே ஹோங்கே தோ லூங்கா’. காசு இல்லை என்று தெரிந்தே பேசினால் ‘பைசே ஹோதே தோ லேதா’. தெருவில் கிரிக்கெட் மட்டைக்குக் காசு சேர்க்கும் எந்தப் பையனும் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வதில்லை. ‘ஹோதே தோ’ என்ற இடத்தில் ஆங்கிலம் ‘ஹேட்’, ‘வுட்’ போடும். மராத்தியின் ‘அஸதே தர்’ என்பதும் இதே வேலையைச் செய்கிறது. தமிழ் திறக்காத கதவை இந்தியும் மராத்தியும் திறந்து வைத்திருக்கின்றன. சுத்தமான ஆங்கிலச் சூழல் வேண்டும் என்று வகுப்பில் இந்தியைத் தடைசெய்யும் பள்ளி தன் கையிலிருக்கும் சிறந்த கருவியைத் தூக்கி எறிகிறது.

இதைவிட வருத்தம் தருவது ஒன்று உண்டு. மராத்திப் பாடத்தில் ‘கல்பனாப்ரதான் நிபந்த்’ என்று ஒரு கட்டுரை வகையே இருக்கிறது. ‘சூரியன் மறையவில்லை என்றால்’, ‘நான் முதலமைச்சரானால்’ போன்றவை அதன் வாடிக்கையான தலைப்புகள். தமிழ் வழிப் பள்ளியிலும் ‘நான் முதலமைச்சரானால்’ இல்லாத கட்டுரை ஏடு கிடையாது. ஆங்கிலத்திலும் ‘இஃப் ஐ வேர் த ப்ரைம் மினிஸ்டர்’ வரும். ஒரே பிள்ளை, ஒரே ஆண்டில், ஒரே கற்பனையை மூன்று மொழிகளில் எழுதுகிறது. மூன்று ஆசிரியர்களும் அடுத்தடுத்த அறைகளில் இருக்கிறார்கள். ஒருவர் நடத்துவதை அடுத்தவர் எடுத்துத் தொடர்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும். அப்படிச் செய்ய எந்தப் பாடத்திட்டமும் கேட்பதில்லை.

அடுத்து ‘அன்லெஸ்’. இந்தியப் பள்ளிகளில் இந்த அளவுக்குத் தடுமாற வைக்கும் இணைப்புச்சொல் குறைவு. ‘அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி, யூ வில் நாட் பாஸ்’ என்று இரட்டை எதிர்மறை வந்துவிடும். இந்தியின் ‘ஜப் தக் நஹீன்’ இதில் உதவாது. எதிர்மறையை அது உள்ளேயே வைத்திருப்பதால் தவறை வளர்க்கவே செய்கிறது. ‘படிக்காவிட்டால்’ என்ற தமிழ் மொழிபெயர்ப்பும் அப்படியே. ஆனால் தமிழில் ‘படித்தாலொழிய’ என்று ஒரு வடிவம் இருக்கிறது. ‘நீ படித்தாலொழிய தேற முடியாது.’ வினை உடன்பாட்டில் நிற்கிறது, விலக்கு வெளியே ‘ஒழிய’ என்று ஒட்டுகிறது. ‘அன்லெஸ் யூ ஸ்டடி’ என்பதற்கு இதைவிட நெருங்கிய உருவம் மும்பையில் பேசப்படும் வேறெந்த மொழியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எழுத்துத் தமிழ் வடிவமாகையால் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை. தமிழ் வழிப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்தவர்கள் ஆங்கிலத்துக்காகத்தான் எடுத்தார்கள். அந்த ஆங்கிலத்துக்கே உதவக்கூடிய ஒரு வடிவத்தை அதனால் இழந்தார்கள்.

பேச்சுத் தமிழில் இன்னொரு நுணுக்கம். ‘அவ வந்தா’ என்றால் ‘அவள் வந்தாள்’ என்றும் ஆகலாம், ‘அவள் வந்தால்’ என்றும் ஆகலாம். ஈற்று மெய் உதிர்ந்துவிடுவதால் குரலின் ஏற்றஇறக்கம்தான் பிரித்துக் காட்டும். நிபந்தனை என்பது நிபந்தனைத் தொடரின் கடைசி அசையில், சில சமயம் இசையில் மட்டுமே, தெரியவரும் மொழி நம்முடையது. ஆங்கிலமோ முதல் சொல்லிலேயே ‘இஃப்’ என்று அறிவித்துவிடுகிறது, அல்லது முதன்மை வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்த பிறகு நிபந்தனையைக் கடைசியில் சேர்க்கிறது. ‘யூ வில் கெட் த ஃபார்ம் ஒன்லி இஃப்...’ என்று தொடங்கும் வாக்கியத்தில், விண்ணப்பம் கிடைத்துவிட்டது என்று படிப்பவர் நிம்மதியடைந்த பிறகுதான் நிபந்தனை வரும். அரசு அலுவலக ஆங்கிலம் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகிறது. வாசிப்புப் பயிற்சியில் இதற்குத் தனியிடம் வேண்டும்.

எல்லாப் பிழையையும் தாய்மொழியின் தலையில் கட்டவும் முடியாது. ராபர்ட் லாடோ 1957-இல் இரு மொழிகளை ஒப்பிட்டால் பிழைகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார். பின்வந்த ஆய்வுகள் அது முழுமையாகப் பலிக்கவில்லை என்று காட்டின. அமெரிக்கர்களே ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று பேசுகிறார்கள். ஒரு மொழியில் இலக்கண உருவம் இல்லை என்பதால் அதைப் பேசுபவர்களுக்குச் சிந்தனையே வராது என்று கருதுவது இன்னும் ஆபத்தானது. 1981-இல் அல்ஃபிரட் ப்ளூம், சீன மொழியில் நடக்காததைக் குறிக்கத் தனி உருவம் இல்லாததால் அதைப் பேசுபவர்கள் அத்தகைய சிந்தனையில் தடுமாறுகிறார்கள் என்று எழுதினார். இரண்டே ஆண்டில் டெர்ரி ஆவ், ப்ளூமின் சோதனைக் கதைகளை இயல்பான சீனத்தில் எழுதிக் கொடுத்து, மாணவர்கள் எளிதாகப் புரிந்துகொள்வதைக் காட்டினார். கோளாறு வினாத்தாளின் மொழிநடையில் இருந்தது. நம் பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்பு எழுதும் முன் நம் வினாத்தாளின் நடையையும் பார்த்துக்கொள்வது நல்லது.

பொருள் பழகியதாக இருந்தால் நிபந்தனை எவ்வளவு எளிதாகும் என்பதற்கு உளவியலில் ஒரு பேர்பெற்ற சோதனை உண்டு. 1966-இல் பீட்டர் வேசன் எழுத்தும் எண்ணும் அச்சிட்ட அட்டைகளை வைத்து, ‘இது இருந்தால் அது இருக்க வேண்டும்’ என்ற விதி மீறப்பட்டதா என்று சரிபார்க்கச் சொன்னார். படித்த பெரியவர்களிலும் பத்துக்கு ஒருவர் தேறுவதே அரிது. 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் இருவரும் ஃப்ளோரிடாவில் அதே சோதனையை, ‘பீர் குடித்தால் வயது 19-க்கு மேல் இருக்க வேண்டும்’ என்று அங்குள்ள சட்டத்தை ஒட்டி மாற்றினார்கள். முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். தர்க்கம் அதேதான். அறிந்த விதியாக வந்ததும் அறிவு வேலை செய்தது. கோவண்டிப் பிள்ளைக்கு அறிந்த விதிகளுக்குப் பஞ்சமில்லை: ரேஷன் கார்டு இருந்தால் என்ன கிடைக்கும், வீடு எந்தத் தேதிக்கு முன்னால் இருந்தால் மாற்று வீடு, குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடம். இவற்றை விட்டுவிட்டு, பனிக்கட்டியை வெயிலில் வைத்தால் உருகும் என்ற வாக்கியத்திலேயே ஆண்டு முழுதும் சுற்றுகிறோம்.

வகுப்பில் இதை எப்படிச் செய்வது என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே முன்மாதிரி இருக்கிறது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய முயற்சி ‘பெங்களூர்ப் புராஜெக்ட்’ என்று உலகெங்கும் பேசப்படுகிறது. அவர் இலக்கணத்தை முன்னால் வைக்கவில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, ஆங்கிலத்தில் ஒரு கணக்கைத் தீர்க்கச் சொன்னார். பிள்ளைகளின் மனம் விடையில் இருந்தது, மொழி பின்னாலேயே வந்தது என்பது அவர் வாதம். தரப்பட்ட தகவலிலிருந்து தராததை ஊகித்து அறியும் பணிகளுக்கு அவர் தனி இடம் தந்தார். ஹார்பர் பாதையின் அட்டவணையை எடுத்துக்கொண்டால், மான்குர்தோடு நின்றுவிடும் வண்டி, வாஷி போகும் வண்டி, பன்வேல் போகும் வண்டி என்று பல வகை. கோவண்டியில் இந்த வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது எது, மான்குர்த் வண்டியில் ஏறிவிட்டால் வாஷிக்கு எப்படிப் போவது, நேற்று ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் எதைப் பிடித்திருக்கலாம்? ஒரே தாளில் எல்லா வகை நிபந்தனையும் தேவைக்காக வந்து நிற்கும். பிரபு இலக்கண விளக்கத்தை ஏறத்தாழ முழுதுமே தவிர்த்தார். அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். பணி முடிந்த பிறகு கரும்பலகையில் தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வினை எங்கே மாறுகிறது என்று பிள்ளைகளையே கோடிடச் சொல்ல வேண்டும். எல்லாம் கண்டுகொள்ளப்படும் என்று விட்டுவிட்டால் முன்வரிசைப் பிள்ளைகள் மட்டும்தான் கண்டுகொள்வார்கள்.

ஆசிரியருக்குத் தமிழ் தெரியாதே என்ற கேள்வி வரும். தெரிய வேண்டியதில்லை. ‘உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்’ என்று கேட்கத் தெரிந்தால் போதும். வேல்ஸ் நாட்டில் சென் வில்லியம்ஸ் 1994-இல் இரு மொழிகளையும் ஒரே பாடத்தில் திட்டமிட்டுப் பயன்படுத்தும் முறையை ஆய்ந்து பெயரிட்டார். இன்று பன்மொழிக் கல்வியில் அது பெரிய துறை. நான்கு மொழி பேசும் பிள்ளைகள் நிறைந்த மும்பைக்கு அது இயல்பாகவே பொருந்தும்.

சட்டமும் இதற்கு எதிராக இல்லை. நடைமுறையில் இயலுமானவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்று 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. முடிந்த இடங்களிலெல்லாம் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழி என்கிறது 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை. ‘இயலுமானவரை’, ‘முடிந்த இடங்களில்’ என்ற நிபந்தனைகளைக் கவனியுங்கள். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. வேறெந்த நகரத்தில் இது இயலும்?

மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது பெரிய செலவுள்ள ஒன்றல்ல. தமிழ், இந்தி, உருது, மராத்தி, ஆங்கிலம் ஐந்திலும் நிபந்தனை வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்த நான்கு பக்கக் கைப்பிரதி ஒன்று, ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஆங்கிலம் எடுக்கும் ஒவ்வொரு ஆசிரியர் கையிலும் இருக்க வேண்டும். அதைத் தயாரிக்கத் தெரிந்த தமிழாசிரியர்களும் மராத்தி ஆசிரியர்களும் அதே மாநகராட்சியின் சம்பளப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். கோவண்டியிலும் சீத்தா கேம்பிலும் உள்ள தமிழ்ப் பெற்றோரிடம் கேட்பது இன்னும் எளியது. ஆங்கிலம் வர வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். முடிந்தால் மாலையில் அரை மணி நேரம் தமிழ் எழுதப் படிக்கவும் சொல்லிக்கொடுங்கள்.